மலையேற்றத்தில் கார் திணறுகிறதா? பம்பை மாற்றுவதற்கு முன் எரிபொருள் அழுத்தத்தைச் சோதிக்கும் முறை

மலையகத்தில் பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர், அது ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று கராஜுக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதலில் கேட்கும் தீர்ப்பு "பம்ப் போய்விட்டது" என்பதுதான். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில், எதையும் அளந்து பார்க்காமல் சொல்லப்படும் ஊகம். என்னுடைய காரில் பம்பை மாற்றினார்கள், பிறகு பில்டரை மாற்றினார்கள், பிறகு பிளக்குகளை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு இறம்பொடை ஏற்றத்துக்கு வந்தால் அதே திணறல். கடைசியில் கோளாறு இருந்த இடம், பின்னிருக்கைக்கு அடியில் பம்புக்குச் செல்லும் ஏர்த் வயரின் முனை. வேறு எவரும் இப்படி வீண் செலவு செய்யக்கூடாது என்பதற்காகவே, எந்தச் சோதனையை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டி, நம் வீதிகளில் அதிகம் ஓடும் சாதாரண பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கானது. காமன் ரெயில் டீசல் வாகனங்களிலும், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெற்றோல் எஞ்சின்களிலும் அழுத்தம் பல மடங்கு அதிகம். காமன் ரெயிலில் அது 1,000 பாருக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அவ்வகை வாகனங்களில் நீங்கள் எதையும் கழற்றக்கூடாது. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறக் கேபிள்களுக்கு அருகிலும் கை வைக்கக்கூடாது.

1. கோளாறு எரிபொருளில்தானா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். கொழும்பில் வாங்கிய காரை முதன்முதலாக மேலே கொண்டுவருபவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த இழப்பு சீரானது: உயரம் கூடக் கூட மெல்லக் கூடும், கீழே இறங்கினால் தானாகவே நீங்கும், வண்டியை உதறவைக்காது.

எரிபொருள் அழுத்தம் குறையும்போது நடப்பது வேறு. சமதரையில் கார் நன்றாக ஓடும். கினிகத்தேனைக்கோ புசல்லாவைக்கோ ஏறும்போது அக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் இழுத்து, பிறகு எஞ்சின் சத்தம் அடங்கி, வேகம் தளரும். காலைச் சற்றுத் தூக்கினால் மீண்டும் உயிர் வரும். அல்லது, இரவு முழுவதும் நின்ற கார் காலையில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு கோளாறுகளும் உண்டு. எஞ்சின் சுற்று உயர்ந்து வேகம் மட்டும் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வெட்டி வெட்டி உதறி, செக் எஞ்சின் விளக்கும் மின்னி மின்னி எரிந்தால் இக்னிஷன் காயிலையோ பிளக்கையோ முதலில் சந்தேகியுங்கள். மூடுபனிக் காலத்து ஈரத்தில் காயில்கள் தொல்லை கொடுப்பது இங்கே வழக்கம்.

தாங்கியில் கால்வாசிக்கும் குறைவான பெற்றோலோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதும் ஒரு பொறி. சரிவிலும் வளைவிலும் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பின் வாய்க்குக் காற்று போகும். எந்தச் சோதனைக்கும் முன்னர் தாங்கியை அரைவாசியாவது நிரப்பிவிட்டு அதே ஏற்றத்தை மீண்டும் ஏறிப் பாருங்கள். திணறல் நின்றுவிட்டால் செலவு பெற்றோலோடு முடிகிறது. ஆனால் அதைப் பழக்கமாக்க வேண்டாம். தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெற்றோல்தான். குறைந்த பெற்றோலில் ஓடிக்கொண்டே இருந்தால் நல்ல பம்பும் சூடேறிக் கெடும்.

2. ஆவணங்களை ஒரு கோவையில் சேர்த்துக்கொள்ளுங்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழின் நிழற்பிரதி முதலில் வேண்டும். அதில் உள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இல்லாமல் சரியான உதிரிப்பாகத்தைக் கேட்க முடியாது. ஒரே பெயரில் வந்த கார்களிலும் ஆண்டுக்கு ஆண்டு பம்பின் அமைப்பு மாறியிருக்கிறது. "விட்ஸுக்கு ஒரு பம்ப்" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள், மூடி பொருந்தாத பாகத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்காக ஆண்டுதோறும் பெறும் புகைப் பரிசோதனை அறிக்கை. பலர் அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் இதை எறிந்துவிடுகிறார்கள். அதில் உள்ள கார்பன் மொனொக்சைட்டு, ஹைட்ரோகார்பன் அளவுகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் நல்ல தடயம் கிடைக்கும். இரண்டும் திடீரென உயர்ந்திருந்தால், எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முன்னைய திருத்த வேலைகளின் பற்றுச்சீட்டுகள். நான்காவது, உங்கள் எஞ்சினுக்குரிய எரிபொருள் அழுத்தம் எவ்வளவு என்ற தரவு. இது சேவைக் கையேட்டில் இருக்கும். உதாரணமாக, பல டொயோட்டா விட்ஸ், அக்சியோ கார்களில் உள்ள 1என்இசட்-எஃப்ஈ எஞ்சினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பிஎஸ்ஐ. உங்கள் காரின் எண்ணை எழுதிவைத்துக்கொண்ட பிறகே கராஜுக்குப் போங்கள். அந்த எண் தெரியாமல், அழுத்தத்தை அளக்கும் கேஜைப் பூட்டுவதில் பயனில்லை.

3. காசு செலவில்லாத சோதனைகள்

அமைதியான இடத்தில் காரை நிறுத்தி, சாவியை ஸ்டார்ட் செய்யாமல் ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு விநாடிகளுக்கு மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். சில மாடல்களில் எஞ்சினைச் சுற்றும்போதுதான் பம்ப் ஓடும். ஆகவே சத்தம் கேட்காததை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம்.

சத்தம் கேட்கும் கார்களில், காலையில் சாவியை ஆன் செய்து, இரண்டு விநாடி விட்டு, அணைத்து, இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாக நீண்ட நேரம் சுற்றும் எஞ்சின் இப்போது உடனே பிடித்துக்கொண்டால், இரவில் குழாயிலிருந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்புக்கு வலு இருக்கிறது, ஆனால் அழுத்தம் நிற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பியூஸைப் பாருங்கள். பம்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயும் ஹோர்ன் ரிலேயும் ஒரே இலக்கம் கொண்டவையாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் திணறியவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தாங்கியின் மூடியைத் திறங்கள். காற்று பலமாக உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் கார் நன்றாக ஓடினால், தாங்கியின் காற்றுவழி அடைத்திருக்கிறது. ரெகுலேட்டர் எஞ்சின் பக்கத்தில் உள்ள பழைய மாடல்களில், அதற்குச் செல்லும் சிறிய வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெற்றோல் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

4. ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும்

கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் போதும். கோளாறுக் குறியீட்டை மட்டும் வாசித்துவிட்டு அழிக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது; அதை அனுமதிக்காதீர்கள், முதலில் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி0171 என்றால் கலவையில் பெற்றோல் போதவில்லை என்று பொருள். பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

அடுத்ததாக பியூவல் டிரிம் அளவை, அதாவது எஞ்சின் கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிலில் (அக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) மட்டும் அது 15 அல்லது 20 சதவீதம் கூடி, எஞ்சின் சுற்றை உயர்த்தியதும் இயல்புக்கு வந்தால், எங்கோ ஒரு குழாயில் காற்றுக் கசிவு இருக்கிறது. ஐடிலில் இயல்பாக இருந்து, ஏற்றத்தில் சுமை கூடும்போது டிரிம்மும் கூடிக்கொண்டே போனால், எரிபொருள் போதியளவு வரவில்லை என்ற சந்தேகம் வலுப்பெறும். அழுக்கான காற்றோட்ட சென்சரும் இதே தோற்றத்தைக் காட்டும் என்பதால் இதோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, காற்றழுத்த அளவையும் பாருங்கள். நுவரெலியா நகரில் அது ஏறத்தாழ 81 கிலோபாஸ்கலும், ஹட்டனில் ஏறத்தாழ 87 கிலோபாஸ்கலும் காட்ட வேண்டும். அங்கே 100 என்று காட்டினால் அந்த சென்சரே பொய் சொல்கிறது.

5. பம்புக்கு மின்சாரம் முழுமையாகப் போகிறதா

அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இதுதான். பம்ப் ஒரு மின் மோட்டார். வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அழுத்தம் குறையும். பின்னிருக்கையின் அடிப்பகுதியைத் தூக்கினால் பல கார்களில் பம்பின் வயர் இணைப்பு தெரியும். இணைப்பைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மல்டிமீட்டரின் ஊசியை நுழைத்து, எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். பற்றரியில் உள்ள வோல்ட்டுக்கும் பம்பில் உள்ள வோல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஏர்த் பக்கத்தில் தனியாக அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பம்பின் வேகத்தைத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றியமைக்கும் மாடல்களில் மட்டும் ஐடிலில் வோல்ட் குறைவாக இருப்பது இயல்பு.

இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் வோல்ட் முழுமையாகவே காட்டும், ஏனெனில் அப்போது மின்னோட்டம் இல்லை. என் காரில் நடந்தது இதுதான்: கழற்றி அளந்து "கரண்ட் சரியாக வருகிறது" என்றார்கள். ஏர்த் வயரைப் பிடித்திருந்த போல்டோ வெளியே பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. அதைத் தளர்த்தி வளையத்தைத் தூக்கிய பிறகுதான் அடியில் பச்சைப் பூஞ்சை போலச் செம்புக்களிம்பும், அதைச் சுற்றி வண்ணத்தைத் தின்ற துருவும் தெரிந்தன. தரைவிரிப்பு ஈரமாக இருந்தது. கதவின் இறப்பர் பட்டி வழியாக மழைநீர் இறங்கியிருக்கிறது. மாதக்கணக்கில் மழையும் பனியும் மாறி மாறி வரும் நம் பகுதியில் பின்னிருக்கையின் அடியை உலர்ந்தபடி வைத்திருப்பது மிகவும் அவசியம். துருவைச் சுரண்டி, வளையத்தை மாற்றி, போல்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

6. கேஜ் பூட்டி அளப்பது

இதை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் சிறிதும் விட்டுக்கொடுக்கக்கூடாது. குளிருக்காகக் கதவைச் சாத்தி, மூலையில் கரி அடுப்பு வைத்திருக்கும் கராஜ்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எரிபொருள் குழாயைக் கழற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். திறந்த வெளி, கைக்கெட்டும் தூரத்தில் உலர்தூள் தீயணைப்பான், அருகில் புகைபிடிப்பவர் எவரும் இல்லாமை ஆகிய மூன்றும் வேண்டும். முதலில் பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, தானாக நின்ற பிறகு மேலும் இரண்டு விநாடி சுற்றினால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இணைப்பைத் துணியால் மூடியபடி மெல்லத் திறக்க வேண்டும்.

பல ஜப்பானிய கார்களில் கேஜ் பூட்டுவதற்கென்று வால்வு கிடையாது. குழாய் இணைப்பின் நடுவே டி வடிவ அடாப்டரைப் பூட்ட வேண்டியிருக்கும். பொருத்தமான அடாப்டர் இல்லாமல் இறப்பர் குழாயையும் கிளிப்பையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லும் கராஜை விட்டு வேறு இடம் பாருங்கள். பூட்டியதும் கழற்றிய பியூஸைத் திரும்பப் போட்டு, பற்றரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, எங்கேயும் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐடிலில் கிடைக்கும் எண்ணோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மலையகத்து ஓட்டுநருக்கு அந்த எண் பாதித் தகவல்தான், ஏனெனில் ஐடிலில் எஞ்சின் குடிக்கும் பெற்றோல் மிகச் சொற்பம். அரைவாசி அடைத்த பில்டரும் அந்தச் சொற்பத்தைத் தடையின்றி விடும். நீண்ட குழாயுடைய கேஜை, வெப்பமான பாகங்களில் படாமல் பொனட்டின் விளிம்பு வழியே வெளியே எடுத்து, முன்கண்ணாடியில் உறுதியாக ஒட்டிவைத்து, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் முள்ளைப் பார்க்க வேண்டும். லபுக்கலைப் பக்கத்து வளைவு ஒன்றில், ஐடிலில் 46 பிஎஸ்ஐ காட்டிய முள், இரண்டாவது கியரில் அக்சிலேட்டரை முழுதாக மிதித்ததும் நடுங்கிக்கொண்டே 30-க்குக் கீழே இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த ஓட்டத்துக்கு மழையில்லாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் பனி இறங்கிய பிறகு செய்யவே கூடாது.

எண்களை இப்படி வாசியுங்கள். எப்போதும் குறைவாக இருந்தால், தேய்ந்த பம்ப், பம்பின் வாயில் உள்ள அடைத்த வலைவடி, திறந்தபடி சிக்கிய ரெகுலேட்டர், குறைந்த வோல்ட் ஆகிய நான்கும் சந்தேகத்துக்குரியவை. ஐடிலில் சரியாக இருந்து சுமையில் மட்டும் விழுந்தால் முதலில் வோல்ட்டையும், அடுத்து பில்டரையும் வலைவடியையும், கடைசியாக பம்பையும் பாருங்கள். ஏற்றத்திலும் முள் அசையாமல் நின்று, கார் மட்டும் திணறினால், கோளாறு எரிபொருள் அழுத்தத்தில் இல்லை. இந்தப் பாதையில் மேலும் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம்.

வெற்றிடக் குழாயுள்ள பழைய வகை ரெகுலேட்டரில், ஐடிலில் அந்தக் குழாயைக் கழற்றினால் அழுத்தம் 10 பிஎஸ்ஐ வரை உயரும் என்று சொல்வார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் அந்த உயர்வு ஏறத்தாழ 7 பிஎஸ்ஐயாக இருக்கும். அதைக் கண்டு நல்ல ரெகுலேட்டரைக் கழற்றி எறியக்கூடாது.

7. நின்ற பிறகு அழுத்தம் எங்கே போகிறது

எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். மேலே சொன்ன டொயோட்டா எஞ்சினில் அப்போதும் 147 கிலோபாஸ்கல், அதாவது 21 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அதற்குக் கீழே விழுந்தால், பம்பை மீண்டும் ஓடவைத்து அழுத்தத்தை ஏற்றிவிட்டு, கேஜ் பூட்டிய இடத்துக்கு முன்னால், தாங்கிப் பக்கமிருந்து வரும் குழாயின் இறப்பர்ப் பகுதியை அதற்குரிய கவ்வியால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது அழுத்தம் நின்றால், ஒழுக்கு தாங்கிக்குள், பம்பின் தடுப்பு வால்விலோ உள்ளே இருக்கும் ரெகுலேட்டரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் இன்ஜெக்டர்களைப் பாருங்கள். ஒழுகும் இன்ஜெக்டர் உள்ள சிலிண்டரின் பிளக் காலையில் பெற்றோல் மணத்தோடு நனைந்திருக்கும். திரும்பு குழாய் உள்ள கார்களில் அந்தக் குழாயையும் தனியாகப் பிடித்துப் பார்த்தால் ரெகுலேட்டரின் நிலை தெரியும். கடினமான பிளாஸ்டிக் குழாயை ஒருபோதும் நெரிக்காதீர்கள், அது விரிசல் விட்டுவிடும்.

8. உதிரிப்பாகம், செலவு, நாட்கள்

செலவின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஏர்த் வயரைத் துப்புரவாக்குவது மிக மலிவு, அடுத்து ரிலே, அடுத்து பில்டரும் வலைவடியும், அடுத்து பம்ப் மோட்டார் மட்டும், கடைசியில் முழுத் தொகுதி. விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால், ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு கடையிலும், கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு கடைகளிலும் ஒரே நாளில், ஒரே பாக இலக்கத்தைச் சொல்லி விலை கேளுங்கள். புதியதா, பாவித்ததா, எந்த நிறுவனத் தயாரிப்பு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மின் பாகங்களைத் திருப்பி எடுப்பதில்லை என்பது பெரும்பாலான கடைகளின் விதி. அளந்து உறுதிசெய்யாமல் பம்ப் வாங்கினால் அந்த இழப்பு முழுவதும் உங்களுடையது.

பாவித்த பம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது, அது நிற்கப்போவது ஆளில்லாத ஏற்றத்தில். கழற்றும் வேளையில் தாங்கியின் அடியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். துருவோ தண்ணீரோ இருந்தால் தாங்கியைக் கழுவாமல் புதிய பம்பைப் போடுவது வீண். மூடியின் இறப்பர் வளையத்தைப் பழையதையே போடவிடாதீர்கள்.

கேஜ் சோதனைக்குக் கூலி எவ்வளவு என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். ஏற்ற ஓட்டத்தோடு சேர்த்து அதற்கு அரைநாள் ஒதுக்குவது நல்லது. பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றால் மேலும் ஓரிரு நாள். ஏப்ரல் மாதத்தில், நுவரெலியா வசந்த காலக் கூட்டமும் புத்தாண்டு விடுமுறையும் சேரும் வாரங்களில், கடைகள் பூட்டியிருக்கும், கராஜ்களில் இடம் கிடைக்காது. அறிகுறி தெரிந்தால் மார்ச்சிலேயே பார்த்துவிடுங்கள்.

9. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கேஜைக் கழற்றுவதற்கு முன், ஐடில், முழுச் சுமை, நிறுத்திய ஐந்தாவது நிமிடம் ஆகிய மூன்று எண்களையும் மீண்டும் எடுத்து, பம்பில் அளந்த வோல்ட்டையும் சேர்த்து, திகதியும் கிலோமீற்றர் அளவும் குறித்து, பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பாஸிடம் கையொப்பம் வாங்குங்கள். கேஜைக் கழற்றி இணைப்பை மீண்டும் பூட்டிய பிறகு எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரமோ பெற்றோல் மணமோ இருந்தால் காரை அங்கிருந்து நகர்த்த வேண்டாம். அடுத்த நாள் காலையில் குளிர்ந்த எஞ்சின் எவ்வளவு விரைவில் பிடிக்கிறது என்று கவனித்து, உத்தரவாதக் காலம் முடிவதற்குள், முன்பு திணறிய அதே ஏற்றத்தில், முன்பு ஏற்றிய அதே சுமையோடு ஒரு முறை ஏறிப் பாருங்கள்.